ஹைபாவில் அப்பா பார்த்தது

ஈஸ்டர் கிழமை வந்தால் ஒஸ்லோவில், எங்கள் புருசெத் அடுக்குமாடியின் படிக்கட்டு முழுவதும் தோடம்பழத் தோல் மணக்கும். நோர்வேக்காரர் தோடம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு பனிமலைக்குப் போகும் கிழமை அது. மலையில் குடில் இல்லாத நாங்கள் வீட்டிலிருந்தே உரிப்போம். சோமாலியர் வீடு, பாகிஸ்தானியர் வீடு, தமிழர் வீடு, எல்லா வீட்டு மணமும் ஒன்றாகிப் படியேறி வரும். கதவிடுக்கால் அது நுழைந்ததும் அப்பா கண்ணை மூடுவார். ஒருமுறை ஆழமாக இழுப்பார்.

"துறைமுகம்," என்பார்.

எந்தத் துறைமுகம் என்று நாங்கள் கேட்பதில்லை. தோடம்பழப் பெட்டிகள் கப்பலேறிய ஹைபா. 1948. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த ஆண்டு ஈஸ்டருக்கும் மணந்தது. அப்பா கண்ணை மூடவில்லை. தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு இருந்தார்.

அப்பா போய் முப்பத்தோராம் நாளான இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளே, நண்பர்களே, அப்பாவின் குலத்தையும் கோயிற் பணியையும் கொடைக் குணத்தையும் முன் பக்கங்களில் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவையெல்லாம் உண்மை. ஒரே மகளாக எனக்குத் தந்த பக்கங்களில் நான் வேறொன்றை எழுதவேண்டியிருக்கிறது. "செத்தவீட்டு மலரிலை உதெல்லாம் ஏன் பிள்ளை? நல்லதாய் நாலு வரி எழுதிவிடன்," என்று சிலர் சொன்னார்கள். நல்லதாய் நாலு வரி எழுதிப் பார்த்தேன். அதில் அப்பா இல்லை.

அப்பா கரவெட்டியில் பிறந்தவர். கூடப் பிறந்தவர் ஒருவர்தான், எட்டு வயது இளையவரான எங்கள் மாமி. தகப்பன் வேளைக்கே போய்விட்டதால் பதினெட்டு வயதில் அப்பா பிரித்தானியப் படையின் தொழிலாளர் பிரிவில் எழுதுவினைஞராகச் சேர்ந்து கப்பலேறினார். முதலில் எகிப்து. பிறகு பலஸ்தீனத்தின் ஹைபா துறைமுகம்.

அந்த ஒரே ஆண்டில் வெள்ளைக்காரன் இரண்டு நாடுகளிலிருந்து மூட்டை கட்டினான். மாசியில் இலங்கை, வைகாசியில் பலஸ்தீனம். தன் நாட்டில் கொடி மாறியதை அப்பா காணவில்லை. ஊரான் நாட்டில் மாறியதைத்தான் கண்டார். யூதர்களுக்கு ஒரு நாடு பிறந்துவிட்டது என்று வானொலி சொன்னதும் கப்பல் தொழிலாளர் தெருவில் கைகோத்து ஆடினார்களாம். முகாம்களிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து இறங்கிய ஒரு கிழவர் துறைமுகத்துச் சீமெந்துத் தரையில் குப்புற விழுந்து கிடந்தாராம். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை என்பார் அப்பா. இருபது வயதில் பார்த்தது. எண்பத்தொரு வயது வரை கண்ணுக்குள் கிடந்தது.

ஊருக்குத் திரும்பிக் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் வேலை செய்தார். அம்மாவைக் கைப்பிடித்தார். கலவரங்கள் வந்தன, போயின. தொண்ணூற்றைந்தில் இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணமே ஒரு மழைநாளில் எழுந்து நடந்தபோது அப்பா வாசற்படியை விட்டு இறங்கமாட்டேன் என்றார். அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். "ரெண்டு கிழமைதானே, வாங்கோ." அம்மா திரும்பவில்லை. கிளிநொச்சிக் கொட்டிலில் காய்ச்சலில் கண்ணை மூடினார். அப்பா திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அதன் பிறகுதான் நான் அவரை ஒஸ்லோவுக்கு எடுப்பித்தேன்.

இங்கே அப்பாவுக்கு ஒரு மரியாதை காத்திருந்தது. சமாதானப் பேச்சு நடந்த ஆண்டுகள் அவை. எங்கள் ஊர்ப் பெயர்கள் நோர்வேஜியப் பத்திரிகைகளில் பிழையாக அச்சாகிக்கொண்டிருந்த காலம். மண்டபத்தில் கூட்டம் என்றால் அப்பாவுக்கு முன்வரிசையில் கதிரை இருக்கும். "ஐயா கண்ணாலை கண்டவர். ஐயா, சொல்லுங்கோ, யூதருக்கு நாடு எப்பிடிக் கிடைச்சது?" அப்பா சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்புவார். வந்து நின்ற கப்பலைச் சொல்வார், வானொலியைச் சொல்வார், ஆட்டத்தைச் சொல்வார், விழுந்து கிடந்த கிழவரைச் சொல்வார். "ரெண்டாயிரம் வருசம் காத்திருந்த சனம். நாங்கள் எத்தினை வருசம் காத்திருந்தனாங்கள்? பொறுங்கோ." கைதட்டல் நிற்க நேரமெடுக்கும். நானும் தட்டினேன். நம்பித்தான் தட்டினேன்.

வீடு திரும்பும்போது என் கணவர் பகிடி விடுவார். "மாமா, போன வருசம் ரெண்டு கப்பல் வந்தது. இந்த வருசம் நாலாப் போச்சு."

"கடல் பெரிசு தம்பி. நாலும் நிக்கும்."

எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் இல்லை. நான்காம் மாடிக்கு அப்பா ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு ஏறுவார். அரபியில் எண்ணுவார். வாஹத், த்னேன், தலாத்தே. அது ஏன் அரபி என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. ஒருநாள் இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த மனிதர் பின்னால் நின்று கேட்டார், இதை எங்கே படித்தீர்கள் என்று. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஹைபா."

அந்த மனிதர் அப்படியே படியில் இருந்துவிட்டார். ஏழு வயதில் அந்தத் துறைமுகத்திலிருந்து வள்ளத்தில் ஏற்றப்பட்டவர் அவர். மூத்த மகன் சலீம் என்பதால் அபூ சலீம். எங்களைப்போலவே பிள்ளையின் பெயரைச் சொல்லித் தகப்பனைக் கூப்பிடுகிற சனம். உடைந்த ஆங்கிலமும் அதைவிட உடைந்த நோர்வேஜியனும் பேசுவார். அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

அன்று எங்கள் குசினியில்தான் மண்டபத்தில் சொல்லாத மிச்சக் கதையை அப்பா சொன்னார். கொடி மாறுவதற்கு முந்திய மாதம் நகரில் சண்டை மூண்டு, அரபுச் சனம் துறைமுகத்துக்கு ஓடி வந்தது. எண்ணி எண்ணி வள்ளத்தில் ஏற்றுவது அப்பாவின் வேலை. அதற்காகப் படித்த எண்கள்தான் அவை. ஒரு பெண் சுடாத ரொட்டி மாவைத் தட்டத்தோடு தூக்கி வந்திருந்தாள். மா புளித்துத் துணியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. எப்போது திரும்பலாம் என்று கேட்டாள். மேலதிகாரி சொல்லிவைத்தபடி, இரண்டு கிழமை என்று அப்பா சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு ஏறினாள். ஒரு வள்ளமும் திரும்பவில்லை. அந்த வீடுகளில் வேறு சனம் விளக்கேற்றியது. அந்தச் சனமும் எரிந்த ஊர்களிலிருந்து தப்பி வந்ததுதான் என்றும் அப்பா சொன்னார்.

அந்தக் கரையில் நின்று அப்பா ஒரு பாடம் படித்திருந்தார். வெளிக்கிட்டவனுக்கு மண் இல்லை. இருந்தவனுக்குத்தான் மண். அம்மாவின் சாவு அதற்கு மேல் இன்னொரு முத்திரை குத்தியது.

இந்த ஆண்டு, 2009 தை முடிய, மாமி சற்றலைற் போனில் எடுத்தார். புதுக்குடியிருப்புப் பக்கம், மகளோடும் மருமகனோடும் தரப்பாள் கொட்டிலில். நான் ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"அண்ணை, இஞ்சை சனம் வெளிக்கிடுது. தண்ணிக்குள்ளாலை கடந்து ஆமிப் பக்கம் போகினம். மருமோனும் போவம் எண்டு நிக்கிறான். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"கொஞ்சம் பொறு தங்கச்சி. யோசிச்சுச் சொல்லுறன்."

"நாளைக்கு இந்த நேரம் எடுக்கிறன் அண்ணை. போனுக்குப் பின்னாலை நிக்கிற சனம் கத்துது."

அப்பாவுக்கு ஒரு நாள் இருந்தது. மறுநாள் மத்தியானம் அபூ சலீம் கோப்பி குடிக்க வந்தார். கதையைக் கேட்டதும் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"போகச் சொல்லு."

"நீ போனாய். உன்ரை வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம்?"

"ஆரோ இருக்கட்டும். என்ரை அம்மா அந்த வள்ளத்திலை ஏறினபடியால்தான் நான் இஞ்சை இருந்து உன்னோடை சண்டை பிடிக்கிறன்."

"உனக்கு நாடில்லை."

"எட்டுப் பேரப்பிள்ளையள் இருக்கினம். உன்ரை தங்கச்சிக்கு நாடு வேணுமோ, மூச்சு வேணுமோ?"

"நீ வள்ளத்துக்குள்ளை இருந்தனி. நான் கரையிலை நிண்டு பார்த்தனான். ஒருத்தரும் திரும்பேல்லை."

"திரும்பாட்டில் என்ன, கிழவா! உயிரோடை இருந்துதான் திரும்பாமல் இருக்கலாம்!"

அபூ சலீம் எழும்பிப் போய்விட்டார். அவர் கதவைச் சாத்திய விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. சொன்ன நேரத்துக்குப் போன் அடித்தது.

"இருங்கோ தங்கச்சி. வெளிக்கிடாதேங்கோ. விட்டிட்டு வெளிக்கிட்டால் பிறகு வரேலாது. நான் ரெண்டு தரம் பார்த்திட்டன்."

இரைச்சலுக்குள்ளால் மாமியின் குரல், சிறு பிள்ளையின் குரல்போல: "சரி அண்ணை. நீங்கள் கண்டவர்."

அப்பாவின் கையிலிருந்து ரிசீவரை நான் பறித்திருக்கலாம். முதியோர் இல்லத்தில் நாள்முழுக்க எத்தனையோ பேரின் கையிலிருந்து எத்தனையையோ மெதுவாக வாங்கி வைக்கிறவள் நான். அன்று அடுப்படியில் நின்று தேத்தண்ணி ஊற்றினேன். இதையும் எழுதாவிட்டால் இந்தப் பக்கங்கள் அப்பாமேல் மட்டும் பழி போட்டதாகிவிடும்.

அதன் பிறகு அழைப்பு இல்லை. சித்திரையில் போரை நிறுத்தச் சொல்லி நோர்வே நாடாளுமன்றத்தின் முன் நாங்கள் எல்லோரும் நின்றோம். அப்பாவும் கம்பளித் தொப்பியோடு வந்து நின்றார். கடந்து போன நோர்வேக்காரர் துண்டுப் பிரசுரத்தை வாங்கி, நன்றி சொல்லி, மடித்துப் பைக்குள் வைத்தார்கள். மரங்கள் வழக்கம்போலத் துளிர்த்தன. வைகாசியில் எல்லாம் முடிந்தது. எத்தனை வைகாசி வந்தாலும் அப்பாவுக்கு அதில் ஒரு கொடி பறக்கும். இந்த வைகாசியில் அவர் வானொலியைத் திருகவில்லை.

மாத முடிவில் வவுனியா உறவுக்காரர் ஒருவர் மூலம் செய்தி வந்தது. முள்வேலி முகாமுக்குள் மாமியின் மகள், என் மச்சாள், தனியாக இருக்கிறாள். மாமியும் மருமகனும் மாசியிலேயே, இருந்த இடத்திலேயே, ஒரே எறிகணையில். நாங்கள் பங்குனி முழுவதும், சித்திரை முழுவதும், இல்லாத ஒருவரின் அழைப்புக்காகக் காத்திருந்திருக்கிறோம்.

அப்பா அழவில்லை. "கேட்டவள் தங்கச்சி. சொன்னது நான்," என்றார் ஒருமுறை. என் கணவர், "மாமா, போன சனத்திலையும் செத்தது இருக்கு," என்று சொல்லிப் பார்த்தார். அது உண்மைதான். அப்பா அந்த உண்மையைக் கையாலும் தொடவில்லை. மண்டபத்திலிருந்து வந்தவர்களைப் பார்க்க மறுத்தார். சோற்றை மறுத்தார். படியேறும்போது எண்ணுவதையும் விட்டார். அபூ சலீம் மட்டும் தினமும் வந்து எதிரே இருந்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு கிழவரும் யன்னலால் கார்த் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மச்சாள், இந்த மலர் வேலிக்குள் வராது. எப்போதாவது உன் கைக்கு வந்தால், இதை உனக்காகத்தான் எழுதினேன். மன்னிப்புக் கேட்கும் தகுதி இந்த வீட்டில் யாருக்கும் இல்லை. யார் சொல்லி நீங்கள் இருந்தீர்கள் என்பதாவது மறைக்கப்படாமல் இருக்கட்டும்.

ஆனியில் அப்பாவின் இதயம் தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் அவரைப் பக்குவமாகப் பார்த்த வைத்தியர்களுக்கும், அவர் கையை விடாமல் பிடித்திருந்த இளம் தாதிக்கும், புருசெத்திலிருந்தும் வெஸ்ட்லியிலிருந்தும் ஹவுகெட்டோவிலிருந்தும் முறை வைத்துச் சமைத்து அனுப்பிய குடும்பங்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், பெட்டியின் ஒரு மூலையைத் தன் நோகும் தோளில் தாங்கி வந்த அபூ சலீமுக்கும், எழுதவேண்டாம் என்று அன்பால் சொன்னவர்களுக்கும் எங்கள் நன்றி. இதைவிடப் பெரிய சொல் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் பின்னேரம், வேலைக்குப் போகும் நேரமாகிவிட்டதென்று நான் எழும்பினேன். யன்னலில் நல்ல வெயில். அப்பா கண் திறந்து என் சட்டை நுனியைப் பிடித்தார்.

"போன் அடிச்சால் நீ எடு பிள்ளை."

"ஓம் அப்பா."

"தங்கச்சியெண்டால் வெளிக்கிடச் சொல்லு. அண்ணை சொன்னவர் எண்டு சொல்லு."

"ஓம் அப்பா, சொல்லுறன்."

"இண்டைக்கே சொல்லு. நாளைக்கு எண்டு விடாதை."