கூடைக்கார அம்மாவை வரைந்தது நான் இல்லை

கடை ஆரம்பித்த ஆறாவது வருடம், காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சொந்தமாகத் தொழில் செய்யும் பெண்கள் தாங்கள் வளர்ந்த விதத்தை மாணவர்களிடம் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன்.

ஊரின் காட்சிகளை வரைந்து நோட்டுப் புத்தகம், தபால் அட்டை, துணிப்பை ஆகியவற்றில் அச்சடித்து விற்பது என் தொழில். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவரின் வீட்டு முன்னறைதான் கடை. பிரெஞ்சுச் சிப்பாயை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள்; சொல்தா வீடு என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் நானே வரைந்தேன். மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல், காகிதப்பூக் கொடி, பூட்டிய கதவு. மனிதர்களை வரைய எனக்கு வராது. கை, குழாய் மாதிரி ஆகிவிடும். முகம் பொம்மை முகமாகிவிடும். அதனால் என் படங்களில் தெரு தெருவாக வீடுகள் இருக்கும், ஆள் இருக்காது. வெளியூர்க்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் மூன்று வருடத்துக்குள் அதே கதவையும் அதே ஜன்னலையும் கடற்கரையை ஒட்டிய ஒவ்வொரு கடையிலும் விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் வேலைக்கு வந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவள் அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடியபின் ஏடிஎம் ஒன்றுக்குக் காவலாளி. அம்மா தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவர். காகிதம் வெட்டவும் அச்சு போடவும் தைக்கவும்தான் அவளை வைத்தேன். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, வீணான தாளின் பின்பக்கத்தில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள்.

மீன் கூடையைத் தலைக்குத் தூக்கும் ஒரு பெண். ஒரு கை கூடையில், இன்னொரு கை முந்தானையை இடுப்பில் செருகப் போகிறது. வாய் திறந்து யாரையோ கூப்பிடுகிறார். கூடையின் கனம் முழுக்கக் கழுத்து நரம்பில் தெரிந்தது.

"யாரு இது?"

"எங்க அம்மாதான்க்கா."

"அவங்ககிட்ட காட்டுனியா?"

"ஐயோ, தோலை உரிச்சிடும். கூடையோட வரஞ்சி ஊருக்கெல்லாம் காட்டுறியான்னு கேக்கும்."

அவளைக் கேட்டுத்தான் அந்தப் படத்தை நோட்டு அட்டையில் போட்டேன். அதுவரை கடைக்குள் எட்டிப் பார்க்காத உள்ளூர் ஆட்கள் அதற்காக வந்தார்கள். பின் அட்டையில் வழக்கம்போல் கடை பெயரும், அதன் கீழே 'ஓவியம்' என்று என் பெயரும் இருந்தன. எல்லா நோட்டுக்கும் பின்னால் ஒரே அச்சுதான், ஒன்றுக்காக மாற்றுவது வீண் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளும் கேட்கவில்லை.

கல்லூரிக்கு அவளையும் கூட்டிப் போனேன். அரங்கின் பின்பக்கம் மேசை போட்டு நோட்டுகளை அடுக்க ஆள் வேண்டும். நான் பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

"மேடம், உங்க படத்துல மனுஷங்களே இல்ல. இந்த மீன்காரம்மா மட்டும் எப்படி இவ்ளோ உயிரோட வந்தாங்க? இதுலதான் நீங்க வளந்த மாதிரி இருக்கு."

அந்தப் படம் அதோ, அந்தப் பெண்ணுடையது என்று பின்பக்கம் கை காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்தேன். ஒரு விடிகாலை தேங்காய்த்திட்டுக்குப் போய் ஏலம் நடக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, "என்னாம்மா வரையற, என்னையா?" என்று கேட்டுச் சிரித்ததாகச் சொன்னேன். அவர் குரல் மாதிரி பேசியும் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அதுவரை தேங்காய்த்திட்டுக்குப் போனதே இல்லை. பின்பக்கம் அவள் நோட்டுகளை ஓரம் பார்த்து நேராக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் வந்தபின் கேட்டாள்.

"அக்கா, நீங்க எப்ப தேங்காய்த்திட்டு போனீங்க?"

உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் இருந்தது அவள் குரல். அவளிடமாவது ஒப்புக்கொண்டிருக்கலாம்.

"நீ லீவு போட்டிருந்தியே, அப்ப ஒரு நாள்" என்றேன்.

"ஓ" என்றாள்.

மேடையில் சொன்னதைக்கூட ஏதோ வேகத்தில் வந்த வார்த்தை என்று சமாளிக்கலாம். பஸ்ஸில் சொன்னதற்கு அப்படி எந்தச் சாக்கும் இல்லை. தன் அம்மாவைத் தானே வரைந்தவளிடம், அந்த அம்மாவை நான் போய்ப் பார்த்ததாகச் சொன்னேன்.

அதன்பின் அவள் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்கு வந்தாள், சொன்னதைச் செய்தாள். வீணான தாள்களின் பின்பக்கம் மட்டும் வெறுமையாகவே இருந்தது. புதிதாக ஏதாவது வரையேன் என்று இரண்டு முறை கேட்டேன். "என்னா வரையணும்னு சொல்லுங்கக்கா, வரையறேன்" என்றாள். ஜன்னல் வரையச் சொன்னேன். வரைந்து கொடுத்தாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை, நடுத்தர வயதுப் பெண் ஒருவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்தார். கழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. கையில் கல்லூரி இதழின் ஒரு பக்கம் மடித்து இருந்தது. மீன் வாங்க வந்த ஒரு மாணவன் கொடுத்து, படித்தும் காட்டினானாம். அதில் அந்தப் படமும், நான் சொன்ன கதையும்.

"நீதானாம்மா என்ன வரஞ்சது? எப்ப வந்த நீ? எனக்கு ஞாபகமே வரல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நல்ல சேலையா கட்டினு வந்திருப்பேனே!"

கோபமே இல்லை, முகமெல்லாம் பூரிப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே காகிதம் வெட்டிக்கொண்டிருந்த மகள் நிமிரவில்லை. கத்தி ஓடும் சத்தம் மட்டும் நின்றுவிட்டது. நான் இன்னொரு பொய் சொன்னாலும் அவள் மறுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் என்னை உலுக்கியது.

"நான் வரையலம்மா. உங்க பொண்ணு வரஞ்சது. நான் அங்க வந்ததே இல்ல."

அவர் மகளைப் பார்த்தார். "நீயா?"

"ஆமாம்மா."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று அவளைக் கேட்டவர், உடனே என்னிடம் திரும்பினார். "அப்ப காலேஜ்ல ஏம்மா அப்படி சொன்ன?"

"பொய் சொல்லிட்டேம்மா. பேர் ஆசை."

என் கையை விட்டார். மேசையில் இருந்த நோட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். படிக்கத் தெரியாதவர்.

"இதுல இவ பேரு எங்க இருக்கு?" என்றார்.

மகள்தான், "இல்லம்மா, நீ கெளம்பு, வியாபாரத்துக்கு நேரமாவுது" என்றாள்.

அன்றைக்கே அந்த நோட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்தேன். அவள் பெயரோடு புது அட்டை போட்டேன். கல்லூரி இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். அடுத்த இதழில் ஒரு மூலையில் வந்தது. அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"தவறுதலாவா?" என்றாள்.

'தவறுதலாக என் பெயரில் வெளியாகிவிட்டது' என்று எழுதியிருந்தேன். அவள் அம்மாவின் முகத்துக்கு நேரே பொய் என்று சொன்ன நான், தாளில் எழுதும்போது தவறு என்று மாற்றிக்கொண்டேன். எழுதியபோது அது உறுத்தக்கூட இல்லை. மேடையில் சொன்னதைவிட, பஸ்ஸில் சொன்னதைவிட, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்றைக்கும் அதிகம் கூசுகிறேன்.

அந்த மாதக் கடைசியில் அவள் நின்றுகொண்டாள். சண்டை இல்லை. தனியாகச் செய்து பார்க்கப் போகிறேன் என்றாள். கூடைக்காரம்மா படத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று அதை அச்சடிக்கும் ஸ்க்ரீனை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் தாங்கியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இப்போது அவளுக்கு ஒரு மேசை இருக்கிறது. வலை பின்னுகிறவர்கள், சைக்கிளில் ஐஸ் கொண்டு போகிறவர், மார்க்கெட்டில் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் அவள் அட்டைகளில் இருக்கிறார்கள். ஒரு முறை போய் நின்றேன். "வாங்கக்கா, பாருங்க" என்றாள், மற்றவர்களிடம் சொல்வதைப் போலவே. ஒரு தபால் அட்டை வாங்கினேன். பேச்சு அவ்வளவுதான்.

என் கடை நடக்கிறது. கதவும் ஜன்னலும் இன்னும் விற்கின்றன. வேறு இருவரிடம் படம் வாங்கி அவர்கள் பெயரோடு போடுகிறேன். அதைப் பார்த்து யாராவது என்னை நல்ல மனுஷி என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.