பூட்டில்லாத எழுத்து

மலேசியாவின் மலாக்கா நகரத்துக் காஜா பெராங்கில், சிட்டி கம்பம் என்ற குடியிருப்புக்குத் திரும்பும் முனைக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது சந்திரமதியின் அச்சுக்கடை. கல்யாண அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதி அட்டை என்று தமிழில் எது வேண்டுமானாலும் செமாபோக்கிலிருந்தும் குருபோங்கிலிருந்தும் ஆட்கள் அவளிடம் வருவார்கள். கடை முழுக்க அவள் ஒருத்திதான். தட்டச்சு செய்வது, பக்கம் கட்டுவது, அச்செடுத்து வெட்டுவது எல்லாம் அவளே.

மலாயா சுதந்திரம் அடைந்த 1957ஆம் வருஷம் பிறந்தவள். அம்மாவின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. நடக்கத் தொடங்கிய வயதில் அம்மா போய்விட்டாள். அப்பாவும் அதிக நாள் இருக்கவில்லை. அவளைத் தூக்கி வளர்த்தது பதினொரு வயது மூத்த அக்கா ருக்மணி. ருக்மணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள்.

ஓய்வு பெற்ற பிறகு மத்தியான வேளைகளில் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். அவள் சொல்லச் சொல்ல சந்திரமதி கணினியில் அடிப்பாள். அவர்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தின் கதை அது. சுதந்திர நாளன்று கங்காணி வேலை பார்த்த மண்டோர், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வாசலில் கொடி கட்டியது, மறுநாளும் வழக்கம்போல விடிவதற்குள் பால் வெட்டப் போனது, வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பலேறியது, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாளக் கார்டோடு தோட்டத்து ஆட்கள் வேலை தேடி அலைந்தது எல்லாம் அதில் வந்தன. அம்மா இறந்ததைப் பற்றிய கடைசி அத்தியாயம் மட்டும் ருக்மணிக்குச் சொல்லவும் முடியவில்லை, பக்கத்தில் ஆளை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. "இத நானே அடிக்கிறேன். நீ வெளிய இரு" என்று ஒரு விரலால் தட்டித் தட்டி முடித்தாள். சந்திரமதி தட்டச்சுக்கு வாங்கியிருந்த தமிழ் மென்பொருளில் கடவுச்சொல் போட்டு மூடும் வசதி இருந்தது. அதையும் போட்டுவிட்டாள். "முழுசா முடிஞ்சதும் படிக்கலாம்" என்றாள்.

முடியவில்லை. 2004ஆம் வருஷத் தொடக்கத்தில் ருக்மணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்து, பேச்சும் போயிற்று.

அதே வருஷம் மழைக்காலத்தில் கடைக்குப் பக்கத்தில் இடி விழுந்தது. கணினி தப்பியது. ஆனால் அந்த மென்பொருளுக்கு ஒரு சாவி உண்டு. பிரிண்டர் வயரைச் செருகும் இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டாக இருக்கும். அது இல்லாவிட்டால் மென்பொருள் திறக்காது. இடி அந்தச் சாவியைக் கருக்கிவிட்டது. விற்ற கம்பெனிக்கு சந்திரமதி போன் செய்தாள். எண் புழக்கத்தில் இல்லை. கோலாலம்பூரில் விசாரித்தபோது, கம்பெனியை மூடி நாளாயிற்று என்றார்கள். வேறு மென்பொருளில் அக்காவின் கோப்பைத் திறந்தாள். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்துகள் பக்கம் பக்கமாக ஓடின.

அவள் அழவில்லை. கடையைச் சாத்திவிட்டு அக்காவைக் குளிப்பாட்டப் போனாள்.

தனபாலன் பிச்சை சிட்டி கம்பத்துக்காரன். பல தலைமுறைகளுக்கு முன்பே மலாய்க்கு மாறிவிட்ட தமிழர்களின் குடியிருப்பு அது. பத்து பெரெண்டாமில் ஒரு தொழிற்சாலையில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை. கம்பத்துக் கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்க வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டான். அவன் வீட்டில் தமிழ் பேசுவதில்லை, எழுத்தும் தெரியாது. இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். 'அக்கா' என்ற சொல் மட்டும் அவனிடம் தமிழாக இருந்தது.

கோப்பைப் பார்த்தவன் சொன்னான்: "அக்கா, எழுத்து எங்கேயும் போகல. அந்தக் கம்பெனி ஒவ்வொரு எழுத்துக்கும் தன் இஷ்டத்துக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்கு. எந்த நம்பர் எந்த எழுத்துன்னு தெரிஞ்சா மாத்திடலாம். எனக்கு மாத்தத் தெரியும். எழுத்து தெரியாது."

"எழுத்து எனக்குத் தெரியும்" என்றாள் சந்திரமதி.

முதல் அத்தியாயத்தை அவள் முன்பே ஒரு தடவை அச்செடுத்து வைத்திருந்தாள். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேலை முடிந்த சாயங்காலங்களில் தனபாலன் வருவான். கூடவே ஒரு சிடி கொண்டுவந்தான். அதைப் போட்டு அவள் கணினியைத் திருப்பி முடுக்கியதும் வேறொரு திரை வந்தது. அவள் பதறிப்போனாள்.

"இருந்ததெல்லாம் அழிஞ்சிடுச்சா?"

"இல்லக்கா. இது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலா. சிடியிலிருந்தே ஓடுது. சிடிய எடுத்துட்டா உங்க பழைய கணினி அப்படியே இருக்கும். இத யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பார்க்கலாம், மாத்தலாம். சாவி கிடையாது."

அவள் தாளிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அவன் எண்ணைக் குறித்தான். முதல் முறை மாற்றிப் பார்த்தபோது பாதி சொற்கள் உடைந்து கிடந்தன. 'தோட்டம்' என்று எந்த இடத்திலும் சரியாக வரவில்லை. சந்திரமதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொம்பு" என்றாள். "பழசுல கொம்ப முன்னாடி அடிச்சிட்டு அப்புறம் எழுத்த அடிப்போம். உன் புதுசுல எப்படி?"

தனபாலன் நெற்றியில் தட்டிக்கொண்டான். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. இடம் மாற்றி மறுபடி ஓட்டினான். திரையில் ஒரு வரி முழுதாக நின்றது: 'அம்மாவுக்கு எங்கள் நான்கு பேரில் சின்னவள்மேல்தான் உயிர்.'

"என்ன எழுதியிருக்கு, அக்கா?" என்று அவன் கேட்டான். அவள் அந்த வரியை மலாயில் சொன்னாள். நான்கு பேர் என்பதையே அப்போதுதான் அவள் அறிந்தாள். நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்ததை ருக்மணி அவளிடம் சொன்னதில்லை. சொல்லச் சொல்ல அடித்த நாட்களில் இல்லாத இந்த வரியை, அச்செடுத்த பிறகு தனியாக உட்கார்ந்து சேர்த்திருக்கிறாள்.

அத்தியாயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி அத்தியாயம் மட்டும் வரவில்லை. தனபாலன் பல வழிகளில் முயன்றான். தொழிற்சாலை நண்பர்களையும் கேட்டான். ஒருநாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: "மத்ததெல்லாம் எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான். இது பூட்டியிருக்கு. எப்படிப் பூட்டினாங்கன்னு அந்தக் கம்பெனிக்காரங்களுக்குத்தான் தெரியும். என்னால முடியலக்கா."

"நீ செஞ்சதே பெருசு, தம்பி."

அவள் அச்செடுத்த பக்கங்களை அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தாள். ருக்மணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு பெயரைத் தவறாக வாசித்தால் இடது கையால் கட்டிலைத் தட்டுவாள். தாள்கள் தீர்ந்தபோது கண்ணைத் திறந்து, மேலே என்பதுபோலப் பார்த்தாள்.

"அது திறக்கல, அக்கா. கடவுச்சொல் என்னன்னு உன்னால சொல்ல முடிஞ்சாலும், திறக்கறதுக்குப் புரோகிராமே இல்ல."

ருக்மணியின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

சந்திரமதி கேட்டாள்: "அம்மா லயத்துலயா போனாங்க?"

இல்லை என்று தலை அசைந்தது.

"ஆஸ்பத்திரியில?"

ஆமாம்.

"நீ பக்கத்துல இருந்தியா?"

ஆமாம்.

"நான் எங்க இருந்தேன்?"

இதற்குத் தலையசைத்துப் பதில் சொல்ல முடியாது. ருக்மணி இடது கையை மெல்லத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். ஏதோ ஒன்று கீழே விழுந்துவிடாமல் பிடித்திருப்பதுபோல விரல்களை மடக்கிக்கொண்டாள்.

அந்த வருஷக் கடைசியில் கடையை லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கினாள். ஒரே நாளில் மாறவில்லை. முதலில் பழைய விண்டோஸிலேயே, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓப்பன் ஆபீஸைப் போட்டுக் கை பழகினாள். புதிதாக அடிப்பது எல்லாம் யூனிகோடில் என்று வைத்துக்கொண்டாள். அது பழகிய பிறகுதான் அடியில் இருந்த விண்டோஸை மாற்றினாள். தடங்கலும் வந்தது. பிரிண்டர் லினக்ஸோடு ஒத்துப்போகவில்லை, தனபாலன் வேறொன்று பார்த்துக் கொடுத்தான். கல்யாண அட்டைக்காரர்கள் சிலர் தங்கள் பழைய டிசைன் கோப்பு திறக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக விண்டோஸ் உள்ள ஒரு பழைய கணினியை இணையத்தில் சேர்க்காமல் மூலையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ருக்மணி இறந்தாள். அவளுடைய கருமாதி அட்டையை சந்திரமதியே அடித்தாள். புத்தகத்தையும் அச்சிட்டாள். கடைசி அத்தியாயத்துக்கு உரிய இடத்தில் தலைப்பு மட்டும் இருந்தது. கீழே, 'இதை ருக்மணி எழுதினார். எங்களால் திறக்க முடியவில்லை' என்று இரண்டே வரி. தனக்குத் தெரிந்த நான்கு பதில்களை அவள் அதில் சேர்க்கவில்லை. அவை அக்கா எழுதியவை அல்ல என்று தனபாலனிடம் சொன்னாள்.

புத்தகம் வெளிவந்த பிறகு செமாபோக்கிலிருந்து கோகிலா என்ற டைப் செய்யும் பெண் வந்தாள். அவளும் அதே மென்பொருளை வைத்திருந்தாள். சாவி இன்னும் வேலை செய்தது.

"எனக்கும் மாறணும்தான். பயமா இருக்கு லா, அக்கா" என்றாள்.

"சாவி உயிரோட இருக்கும்போதே எல்லாத்தையும் திறந்து யூனிகோடா மாத்தி வெச்சிடு" என்றாள் சந்திரமதி. "ரெண்டு இடத்துல வை. பழசு எதையும் அழிக்காத. லினக்ஸ முதல்ல சிடியிலிருந்தே ஓட்டி உன் பிரிண்டர் ஒத்துக்குதான்னு பாரு, அப்புறம் முடிவு பண்ணு. தெரியாதத வெக்கப்படாம கேளு."

"எல்லாம் சரியா வந்திடுமா?"

"எல்லாம் வராது. வர்றத இன்னிக்கே எடுத்துக்க."

தனபாலனுக்குப் போன் செய்து வரச் சொல்லிவிட்டு, கோகிலாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.