தொட்டால் கடுகு மஞ்சள்

அன்று மத்தியானம் என் வீட்டில் இருந்தவர்கள். நான். என் பெண்டாட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் என் சகலை. அவன் பெண்டாட்டி, என் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்த தங்கை. கடைக்கு ஆப் செய்து கொடுத்த பெண், மெட்ராசிலிருந்து பஸ் ஏறி வந்தவள்.

நான் போட்ட சண்டையால்தான் அந்தப் பெண் வந்தாள்.

எங்களுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்குவது ஒரு பட்டுக்கடை. முன்பு ஆள் வந்து ஆர்டர் சொல்லிவிட்டுப் போவான். இப்போது போனில் வருகிறது. மணி அடிக்கும். கடை பேர் இருக்கும், கீழே 'திறந்து பார்க்கவும்' என்று இருக்கும். அவ்வளவுதான். தொட்டால் ஆப் திறக்கும். உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், முந்தி என்ன டிசைன், எல்லாம் அதில் வரும். அடியில் 'ஏற்கிறேன்' என்று பச்சைக் கட்டம். பத்து நிமிடத்துக்குள் அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் முறைப்படி அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் எந்தத் தெருவிலும் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த அடுத்த ஆள் ஒருத்தன்தான். என் சகலை.

அவனுக்குக் கோர்வைப் புடவை வந்துகொண்டே இருந்தது. உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடாவில் நூல் ஓட்டி இரண்டையும் கோத்து நெய்வது. கல்யாணப் பெண் கட்டுவது அதுதான். கோர்வையில் என் கை அவன் கையைவிட நல்ல கை. நான் சொல்லவில்லை, அவனே சொல்லுவான். சொந்தக்காரர்கள் நடுவில் சொன்னான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பேரை எனக்குக் கொடுத்துவிட்டு வேலையை அவன் வைத்துக்கொண்டான்.

எனக்கும் மணி அடிக்கும். தொடுவேன். தறியில் ஓடிக்கொண்டிருக்கிற கடுகு மஞ்சள் புடவையே திறக்கும். முன்பே ஏற்றது. பச்சைக் கட்டம் இருக்காது. முதலாளி அவசரப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடும் நேரத்தைக் குறைத்து வேகமாக நெய்தேன். மறுபடி மணி. மறுபடி கடுகு மஞ்சள்.

இரண்டு வீட்டுத் தறிக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் தறி நின்றால் போனைப் பார்க்கிறான் என்று அர்த்தம். அவன் தறி நின்றால் என் காலும் நின்றுவிடும்.

"காதைக் கழட்டி சுவத்துல மாட்டிட்டீங்களா? சோறு ஆறுது" என்பாள் என் பெண்டாட்டி.

அவன் போன் கண்ணாடி உடைந்தது. ரப்பர் பேண்டு போட்டிருப்பான். என் போன் புதுசு. அவனுக்கு ஆர்டர் வருவதைப் பார்த்துத்தான் வாங்கினேன். உடைந்த போனுக்குக் கல்யாணப் புடவை வந்தது. புதுப் போனுக்குக் கடுகு மஞ்சள் வந்தது.

ஆவணியில் தாமல் பக்கத்துக் கல்யாணம் ஒன்று. முகூர்த்தப் புடவை. அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. அன்று காலையில் என் மணி அடித்தது. தொட்டேன். கடுகு மஞ்சள். கொஞ்ச நேரத்தில் அவன் மணி அடித்தது. அவன் தறி நின்றது.

சாயங்காலம் அவன் பெண்டாட்டி நூலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, அரக்கு எப்படி இருக்குது பாருங்க."

"இருக்குது" என்றேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். "உங்க ஆளும் என் சகலையும் ஒண்ணாப் போய் டீ குடிக்கிறாங்க. நல்ல ஆர்டரெல்லாம் அவனுக்குத் தள்ளிவிடறாங்க. எனக்கு வர்றது வெறும் மணி" என்றேன். இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். அதை எழுத வேண்டாம்.

முதலாளி கேட்டுக்கொண்டார். "ஆப் செஞ்ச பொண்ணை வரச் சொல்றேன். ரெண்டு போனையும் பார்க்கட்டும். உன் சகலை தப்பு பண்ணியிருந்தா அவன் பேரை எடுத்துடறேன். பண்ணலைன்னா அவன் மூஞ்சில நீ எப்படிப்பா முழிப்பே?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வீடு போய்ச் சேருவதற்குள் பேச்சு எனக்கு முன்னால் போய்விட்டது. அக்காளும் தங்கையும் பேசுவது நின்றது. சுவருக்கு மேலே வரும் குழம்புக் கிண்ணம் நின்றது. அவன் மட்டும் எப்போதும்போல "சாப்டியாண்ணா" என்றான். அது இன்னும் எரிந்தது.

அப்புறம்தான் அந்தப் பெண் வந்தாள். தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். எங்கள் இரண்டு போனுக்கும் ஒரு சாம்பிள் ஆர்டர் அனுப்பினாள். இரண்டிலும் மணி அடித்தது. தொட்டோம். அவன் போனில் நீலம். என் போனில் கடுகு மஞ்சள்.

"பார்த்தியாம்மா? அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"நான் இன்னாண்ணா பண்ணேன்? தொட்டேன், அவ்ளோதான்" என்றான் அவன்.

அவள் என் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "ஆப்பை மூடவே மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"எதுக்கு?"

"தறியை எவனாவது வெறுசா விடுவானா?"

அவளுக்குப் புரியவில்லை. புடவையை அறுத்து எடுக்கும்போது நீளவாக்கு இழையான பழைய பாவில் கொஞ்சம் தறியிலேயே விட்டுவைப்போம். அதன் நுனியில்தான் புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்போம். மொத்தமும் உருவிவிட்டால் முதலிலிருந்து கோக்க வேண்டும், நாள் கணக்கில் போய்விடும். தறி வெறுமையாக நிற்கக் கூடாது. ஆப்பும் அப்படித்தான் என்று இருந்தேன். மூடினால் ஆர்டர் வருகிற வழி அறுந்துவிடும் என்று பயம். போன் தானாகச் செத்தால்தான் உண்டு.

"நீங்கண்ணா?" என்று அவனைக் கேட்டாள்.

"எம் போனு டப்பா. ஒண்ணைத் தொறந்து வெச்சா இன்னொண்ணு ஓடாது. பார்த்தவுடனே மூடிருவேன்."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "தப்பு என்னுது. ஒவ்வொரு மணியோடயும் ஆர்டர் நம்பர் வருது. மூடின ஆப் எழுந்திருக்கும்போது அந்த நம்பரைப் படிச்சு, அந்த ஆர்டரைத் திறக்குது. திறந்தே கிடக்கிற ஆப் நம்பரைப் படிக்கவே இல்ல. கடைசியா நீங்க பார்த்த பக்கத்தையே மேல கொண்டாந்து காட்டுது."

"அட்டை மாத்தின அப்புறமும் பழைய அட்டைப்படியே ஜக்கார்டு இழை தூக்குது" என்றேன்.

அவள் விழித்தாள். டிசைனுக்குத் துளை போட்ட அட்டை, அதைப் படித்து இழை தூக்கும் ஜக்கார்டு என்று அவன் அவளுக்கு விளக்கிச் சொன்னான். நன்றாகவே சொன்னான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அதான் போன மாசம் கரண்ட் இல்லாம போன் செத்துது பாருங்க, மறுநாள் இந்தக் கடுகு மஞ்சள் ஆர்டர் வந்துச்சு" என்றாள் என் பெண்டாட்டி.

அந்தப் பெண் ரொம்ப நேரம் தட்டினாள். காபியும் குடிக்கவில்லை. பிறகு புது ஆப்பை என் போனில் ஏற்றினாள். மணி அடித்தது. மூடாமலே தொட்டேன். நீலம். இன்னொன்று அனுப்பினாள். தொட்டேன். தாமரைப்பூ நிறம். பச்சைக் கட்டமும் இருந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது.

"இதுவரைக்கும் எனக்கு வந்து கைவிட்டுப் போனது எத்தனை?"

அவள் லேப்டாப்பில் விரல் வைத்து எண்ணினாள். "இருபத்திரண்டு."

"அதுல இவனுக்குப் போனது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெண்டாட்டி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். இருபது என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

"நாலு" என்றாள் அந்தப் பெண். "அரக்குப் புடவையையும் சேர்த்து."

முதலில் தங்கைக்காரிதான் பேசினாள். "நாலுக்கா மாமா இவ்ளோ பேச்சு?"

என் பெண்டாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். "அந்த நாலையும் வேணா நீ நெய்யுண்ணா, நான் படுத்துத் தூங்கறேன்" என்றான். மன்னிப்பு என்று ஒன்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. "டீ குடிக்கிறியா" என்று கேட்டேன். குடித்தான்.

அந்தப் பெண் கிளம்பும்போது வாசல் வரைக்கும் போனேன். "மீதி யார் யாருக்குப் போச்சு?"

"பேர் சொல்லக் கூடாதுண்ணா."

"தெரு?"

"அதுவும்தான்."

இப்போது எனக்கு ஆர்டர் சரியாகத் திறக்கிறது. அவன் தறி நின்றால் என் கால் நிற்பதில்லை. ஆனால் பால் வாங்கப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் தறிச் சத்தம் கேட்கிற வாசலில் நிற்கிறேன். உள்ளே எந்த நிறம் ஓடுகிறது என்று எட்டிப் பார்க்கிறேன். எனக்கு வர வேண்டிய புடவையை எவன் நெய்தானோ தெரியாது. அதெல்லாம் என்னைத்தான் முதலில் தேடி வந்தது என்பது மட்டும் தெரியும்.

நாலு போக, பதினெட்டு.