செபமணியின் பெட்டியும் சஞ்சியும்

பெரிய ஆஸ்பத்திரியின் வார்டு சிப்பந்தி ஒருவர் காலையில் சாலைத் தெருவிலுள்ள எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்த நேரம். அவர் உள்ளே ஏறாமல் படியில் நின்றபடியே சொன்னார்: “செபமணி மரிச்சு. பனியாயிருந்நு.”

“எந்தப் பனி?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மலையாளிக்குப் பனி என்றால் காய்ச்சல், வேறொன்றும் இல்லை. தமிழனுக்கு அது மலையில் காலையில் இறங்கும் வெண்புகை, எலும்பில் ஏறும் குளிர். இரண்டு பாஷையிலும் பிழைக்கிற நம் ஊரில் இந்த ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஆனால் அன்று நான் கேட்டது என்னுடைய கேள்வி அல்ல. யார் வந்து பனி என்றாலும் செபமணி கேட்ட கேள்வி அது. கேட்டுக் கேட்டுக் கடையில் எல்லோர் வாயிலும் ஒட்டிவிட்டது. அவர் செத்துப்போன செய்திக்கும் அதுவே முதலில் வந்தது.

அவரும் நானும் அந்தக் கடையின் சைக்கிள் ஏஜெண்டுகள். தைலம், லேகியம், பேதி மருந்து, மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா ஆகியவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சிறு கடைகளில் போடுவது வேலை. எனக்குத் தெற்கு வழி: நெய்யாற்றின்கரை, பாறசாலை. அவருக்கு மலை வழி: நெடுமங்காடு, விதுரை, அதற்கும் மேலே தேயிலைத் தோட்டங்கள். இதை வாசிக்கிறவர்களில் பலர் அந்த வழியில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆளைவிடப் பைகள்தான் முதலில் கண்ணில் படும்.

அவரோடு பழக்கம் ஏற்பட்டதே ஒரு பையால்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடையில் எனக்கு ஒரு பிரம்புப் பெட்டி கொடுத்தார்கள். அதைக் கேரியரின்மேல் நிற்க வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பழவங்காடியில் பிள்ளையார் கோயில் முன்னால் ஒரு ஜட்கா குறுக்கே வந்தது. திருப்பினேன். சைக்கிள் திரும்பியது, பெட்டி திரும்பவில்லை. தெருவெல்லாம் தேங்காய்ச் சிதறலும் தைலக் குப்பியுமாகக் கிடந்தது. பின்னால் வந்த செபமணி இறங்கி நின்று பார்த்தார்.

“தேங்காய்க்குப் பதிலா தைலத்த உடைச்சியா மக்கா? பிள்ளையாருக்கு மூட்டுவலி இன்னையோட தீந்துச்சு.”

“கடையில குடுத்த பெட்டி, அண்ணாச்சி. நானா கேட்டு வாங்கினேன்?”

“கடையில குடுத்தா சவப்பெட்டியையும் கெட்டிக்கிட்டுப் போவியா?”

கோபம் வந்தது. திருப்பிச் சொல்ல நிமிர்ந்தபோது அவர் சைக்கிள் கண்ணில் பட்டது. கேரியரின் மேல் ஒன்றுமே இல்லை. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தோலால் செய்த இரண்டு தட்டையான பெட்டிகள், அச்சுக்குச் சமமாகத் தாழத் தொங்கின. உள்ளே குப்பிக்குக் குப்பி துணியால் தடுப்பு. “பாரம் உச்சீல இருந்தா சைக்கிளு குடிகாரனாக்கும். கீழ தொங்கினா சக்கரத்துக்கே தெரியாது” என்றார்.

அன்று சாயங்காலம் சைக்கிள் கடையில் தம் பெட்டிகளை என் வண்டியில் மாட்டி மிதிக்கச் சொன்னார். என் குதிகால் ஒவ்வொரு சுற்றிலும் பெட்டியில் இடித்தது. “ஒனக்கு நீளமான காலு. ஒனக்குள்ள பெட்டி இன்னும் பின்னால போகணும். எனக்க பெட்டிய வாங்கி மாட்டினா நெய்யாற்றின்கரை போய்ச் சேருமுன்ன குதிகால் தேஞ்சிரும்.” பையைக் கடையில் தொங்கவிட்டு அழகு பார்க்கக் கூடாது, பாரம் ஏற்றி மிதித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மழைக்குக் கான்வாஸ்தான் நல்லது, காய்ந்துவிடும் என்பது என் கட்சி. “காயும். அதுக்குள்ள மருந்து கஞ்சியாவும்” என்பார். அந்தச் சண்டை எங்களுக்குள் தீரவே இல்லை.

கடைசியில் நானும் தோல் பெட்டிதான் செய்து வாங்கினேன். வலியசாலையில் எங்கள் அக்கிரகாரத்து வீட்டுக்கு அதோடு போனேன். அப்பா வாசலில் நின்றார். “தோலு உள்ள வரப்படாது. எங்க வெச்சுக்கறயோ வெச்சுக்கோ.” கொல்லைப்புறத்தில் மாட்டுக்கொட்டகை ஆணியில் மாட்டினேன். அப்பாவின் இருமலுக்கு நான் கொண்டுவரும் லேகியம் அந்தப் பெட்டியிலிருந்துதான் உள்ளே போயிற்று. அதற்குத் தடை இல்லை. இதைச் சொன்னபோது செபமணி சிரித்துச் சிரித்து இருமினார். “உனக்க அப்பா ஆபீசுக்கு இட்டுக்கிட்டுப் போற பூட்ஸ் என்ன, வாழநாருல செஞ்சதா?”

அவரிடம் இரண்டு ஜோடிப் பைகள் இருந்தன. ஒன்று இந்தத் தோல் ஜோடி. அதைப் ‘பெட்டி’ என்பார். மற்றது பழைய கூடாரத் துணியில் தைத்த ஜோடி. அகன்ற வாய், மூட்டை மூட்டையாக விழுங்கும். அதைச் ‘சஞ்சி’ என்பார். பெட்டி மருந்துக்கு. சஞ்சி துணிமணிக்கும் அரிசிக்கும். லயத்துச் சனங்கள், அதாவது தோட்டத்துக் கூலி வரிசை வீடுகளில் இருப்பவர்கள், கீழே இறங்கி வர முடியாதவர்கள். வேட்டி, புகையிலை, கருப்பட்டி என்று அவர்கள் சொல்லி அனுப்பியதை அவர் சஞ்சியில் கொண்டுபோவார். இரண்டு ஜோடியையும் ஒரே சைக்கிளில் மாட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் எது என்று முடிவு செய்ய வேண்டும். “பையத் தெரிஞ்செடுக்கது சைக்கிளப் பாத்தில்ல. அங்க யாரு காத்து நிக்காண்ணு பாத்து” என்பார்.

இந்த முடிவில்தான் ஒரு தடவை தப்பிற்று.

யுத்த காலத்து மார்கழி அது. போனக்காட்டுக்கு அந்தப்புறம் ஒரு தோட்டம். அதன் பெயரை எழுதவில்லை. எழுதினால் தோட்டத்துக்காரர்கள் சொல்லி, இந்த இதழை அச்சடிக்கிறவருக்குக் காகிதம் கிடைக்காமல் செய்வார்கள். அங்கிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றி வரும் லாரி டிரைவர் குட்டன் எங்கள் கடையில் நிறுத்தினான். குட்டன் மலையாளி. நல்ல மனுஷன். தமிழ்க்காரர்களிடம் தமிழில் பேச வேண்டும் என்பது அவன் மரியாதை.

“அண்ணாச்சி, மேலே ரொம்ப பனி. லயத்துல ஆளு வெளியே இறங்கல. எல்லாரும் வெறச்சு கெடக்குது. ரெண்டு பிள்ளை போயாச்சு.”

அவன் மலையாளத்திலேயே சொல்லியிருந்தால் செபமணிக்குக் காய்ச்சல் என்று விளங்கியிருக்கும். அவருக்கு மலையாளம் என்னைவிட நன்றாக வரும். அவன் மரியாதையாகத் தமிழில் சொன்னான். இவர் தமிழாகவே கேட்டார். பனி, விறைப்பு, மார்கழி. மூன்றும் பொருந்தின. ஓட்டைக் கூரை, தகரச் சுவர், போர்வை இல்லாத பிள்ளைகள். குளிரில் செத்திருக்கின்றன என்று எடுத்துக்கொண்டார். பெட்டியை ஆணியில் மாட்டிவிட்டுச் சஞ்சியை எடுத்தார். சாலைத் தெருவில் தெரிந்த ஜவுளிக்காரர்களிடமெல்லாம் கெஞ்சிப் பழைய கம்பளிகளை வாங்கித் திணித்தார். நானும் உடனிருந்து கட்டினேன். புறப்பட்டபோது சைக்கிள் சினைப் பசுவைப்போல் இருபுறமும் உப்பியிருந்தது.

மேலே நடந்ததை அவர் திரும்பி வந்து சொன்னார். அதை நான் மறக்கப்போவதில்லை. லயத்துக்குள் போனதும் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பளியை நீட்டினார், பிடுங்கிப் போர்த்திக்கொண்டார்கள். சரியானதைத்தான் கொண்டுவந்தோம் என்று அவருக்கு நிறைவாக இருந்ததாம். அதைச் சொல்லும்போதுதான் காலிச் சஞ்சியை எடுத்து மறுபடி மறுபடி உதறினார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கம்பளியை உதைத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். உடம்பு கொதித்தது. கைக்குழந்தையை மடியில் போட்டிருந்த ஒரு பெண், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, அவரைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள்: “கம்பளி சரி அண்ணாச்சி. மருந்து எங்கே?”

மருந்து கீழே, ஆணியில் தொங்கிய பெட்டியில் இருந்தது.

அவர் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடியிருக்கிறார். அங்கே அலமாரி இருந்தது. அலமாரியில் கொயினா இருந்தது. கம்பவுண்டர் அதை மறைக்கவில்லை. கண்ணாடிக் கதவு, எல்லோருக்கும் தெரியும். “துரை கையொப்பமிட்டால்தான் திறக்கலாம், அது பங்களாவுக்கும் ஸ்டாபுக்கும் வைத்திருப்பது” என்றாராம். துரை ஊரில் இல்லை. செபமணி சைக்கிளை இறக்கத்தில் வேகமாக விட்டார். கடைக்கு வந்தார், பெட்டியை மாட்டினார், கடையில் இருந்த கொயினாவை எல்லாம் முதலாளியிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டார், மறுபடி ஏறினார். அவர் போய்ச் சேர்ந்தபோது லயத்துக்குப் பின்னால் புதுக் குழிகள். அந்தப் பெண் மடியில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தையை அந்தக் கம்பளியிலேயே சுற்றிப் புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் பழைய செபமணி இல்லை. சர்ச்சுக்குப் போனார், வேலைக்கு வந்தார், சிரிக்கவும் செய்தார். ஆனால் பனி என்ற சொல்லைத் தாமாகச் சொல்லவே மாட்டார். குளிர் என்பார், காய்ச்சல் என்பார். பிறர் சொன்னால் மறித்துக் கேட்பார். கடைக்கு வரும் நம்பூதிரி ஒருவர் “எனிக்கு பனியாணு” என்றபோதுகூட “எந்தப் பனி?” என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார்.

ஜோடிகளையும் பிரித்துவிட்டார். இடப்பக்கம் ஒரு தோல் பெட்டி, வலப்பக்கம் ஒரு கான்வாஸ் சஞ்சி. எந்தப் பனியானாலும் கையில் ஒன்று இருக்க வேண்டும் என்றார். சைக்கிளுக்கு அது ஒவ்வாது. பெட்டியின் கனம் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். வளைவுகளில் உடம்பை வலப்பக்கம் சாய்த்தே ஓட்டினார். சைக்கிள் குடிகாரனாகக் கூடாது என்று எனக்குப் பாடம் சொன்ன ஆள்.

“இது பைத்தியக்காரத்தனம், அண்ணாச்சி. தப்பு உங்க காதுல இல்ல. அந்த அலமாரியில இருக்கு” என்றேன்.

“தெரியும்.”

“அப்போ அதைக் கேளுங்க. நாலு பேரைக் கூட்டிப் போய்க் கேளுங்க. பையை மாத்தி என்ன ஆகப்போறது?”

“தோட்டத்தத் திருத்த எனக்கு வலு இல்ல மக்கா. பையத் திருத்த வலு உண்டு.”

இதை ஒரு பெரிய வாக்கியமாக இங்கே நான் எழுதவில்லை. இது தவறு என்று அன்றும் சொன்னேன், அவர் உடல் மண்ணுக்குள் போன பிறகும் சொல்கிறேன். ஒரு நல்ல மனிதன் ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதற்காக மிச்ச நாளெல்லாம் கோணலாக ஓட்டினான். மருந்தைப் பூட்டி வைத்தவர்கள் நேராக நடக்கிறார்கள். அடக்கத்தின்போது பாதிரியாரும் முதலாளியும் அவருடைய தியாகத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒரு சைக்கிள் ஏஜெண்டு எதற்காக மலை ஏறிக் கொயினா கொண்டுபோக வேண்டியிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

லயத்துக் கொசு அவரையும் விடவில்லை. காய்ச்சல் வரும், போகும். நடுங்கிக்கொண்டே புறப்படுவார். “கையில மருந்து இருக்கே, தின்னா என்ன?” என்று அவர் மனைவி ரூத்தம்மாள் சண்டை போடுவாள். தின்றார்தான், உடம்பு அதற்குமேல் மருந்துக்குக் கேட்கவில்லை. கடைசித் தடவை மலையிலிருந்து இறங்கும்போது நெடுமங்காட்டுக்கு இந்தப்பக்கம் விழுந்து கிடந்தவரைக் காளை வண்டிக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “சைக்கிளு?” என்று மட்டும் கேட்டார். பத்திரமாக இருக்கிறது என்றேன். மறுநாள் காலைதான் அந்தச் சிப்பந்தி வந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சொன்னார்: “மலை வழிய நிறுத்திடலாம். அங்க வியாபாரம் இல்ல. செபமணிக்காக விட்டு வெச்சிருந்தேன்.” அதாவது லயத்துக்கு இனி யாரும் ஏறப் போவதில்லை. மழை தொடங்கும் சமயம், கொசு பெருகும் நாள்.

ரூத்தம்மாளிடம் போனேன். சைக்கிளிலிருந்து கழற்றிய பெட்டியையும் சஞ்சியையும் அவள் முற்றத்தில் காயப் போட்டிருந்தாள். அவற்றைத் தரும்படி கேட்டேன். “எங்க கொண்டுபோற?” என்றாள். சொன்னேன். “அவரப்போலப் போவாத. வெவரமாப் போ” என்று மட்டும் சொல்லி எடுத்துக் கொடுத்தாள்.

போன வாரம் குட்டனின் லாரி கடை முன் நின்றது. அவன் இறங்கவில்லை. செபமணி உட்காரும் முக்காலியைப் பார்த்துக்கொண்டே, இந்தத் தடவையும் தமிழில் சொன்னான்: “மேலே பனி தொடங்கியாச்சு.”

“எந்தப் பனி, குட்டா?”

அவன் லாரியின் என்ஜினை நிறுத்தினான்.

“ரெண்டும்” என்றான்.

செபமணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை ஒரு தோல் பெட்டி, ஒரு கான்வாஸ் சஞ்சி, ஒரு கேள்வி. பெட்டியின் கொக்கியை என் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளி அடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறேன்; என்னோடு வலியசாலையிலிருந்து இரண்டு பேரும் சாலைத் தெருவிலிருந்து மூன்று பேரும் சைக்கிளில் வருகிறார்கள். முதலில் லயத்துக்குப் போவோம். பிறகு ஆறு பேருமாக அந்தக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் போய் நிற்போம். செபமணி கேட்காத கேள்வியை அங்கே கேட்பேன்: சாவி யாரிடம் இருக்கிறது?

நேற்று வண்டியை ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் இழுக்கிறது.