அருந்ததி பார்த்த பொய்

எங்கள் திருமணத்தன்று மெட்டி போட்டு முடித்ததும், ஐயர் சொன்ன பக்கம் என் கணவர் கையை நீட்டினார். பட்டப்பகல். கோயில் மண்டபத்தின் கூரையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. "அருந்ததி தெரியுதாம்மா?" என்று ஐயர் கேட்டார். எல்லா மணப்பெண்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "தெரியுது."

அதோடு மறந்தும் போனேன். கணவருக்கு புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எங்கள் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போய் வருவதற்குள் மனிதர் சக்கையாகிவிடுவார். வீட்டில் இருக்கும் நாளிலும் அவர், நான், மகள் மூவரும் ஆளுக்கொரு போனோடு மூலைக்கொருவராகக் கிடப்போம். இந்த வருடம்தான், திடீரென்று, சாப்பிட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு பிளாட்டின் மேல்மாடிக்குப் போக ஆரம்பித்தார். நட்சத்திரம் பார்க்கிறார்களாம்! "வேற வேலையே இல்லையா?" என்று கிண்டலடித்தேன். ஆனால் நகம் கடித்துக்கொண்டே இருந்த பிள்ளை கடிப்பதை விட்டாள். சிடுசிடுப்பு போய் அவரும் சிரித்துப் பேசினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. கிண்டலைக் கூட்டினேன்.

போன பள்ளி விடுமுறையில் அவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு எங்களை தெலுக் பஹாங் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அங்கே வடக்கே வெறும் கடல்தான், வெளிச்சம் குறைவு. மணலில் பாய் விரித்து, கட்டி வந்த மீ கோரெங் நூடுல்ஸைச் சாப்பிட்டோம். கொசு பிடுங்கியது. நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

இருட்டியதும் அவர் வடக்கே கையை நீட்டினார். "தோ, அங்க பாரு. கரண்டியக் கவுத்து வச்ச மாதிரி இருக்கா? அந்தப் பிடியில நடுவுல ஒண்ணு. அதை ஒட்டி ரொம்பச் சின்னதா இருக்குல்ல, அதான் அருந்ததி. தெரியுதா?"

சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. சும்மா தலையை நிமிர்த்தி, "தெரியுது, தெரியுது. சின்னதா, அழகா இருக்குங்க" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது.

"எப்படிமா?" என்றாள் மகள். "இப்பதான் மேகம் வந்து மூடிருச்சு. எனக்கே ஒண்ணும் தெரியல லா."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிறகு மெதுவாக இறங்கியது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல, கெளம்பலாம்" என்று செருப்பைத் தேடினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெற்ற பிள்ளை முன்னால் பிடிபட்டதைவிட, அவர் அந்தச் செருப்பைத் தேடிய விதம்தான் தாங்கவில்லை. இனி இந்த மனிதர் என்னை எதையும் பார்க்கக் கூப்பிட மாட்டார் என்று பயந்துவிட்டேன்.

"இருங்க. மேகம் போகட்டும்," என்றேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

மேகம் ஆடி அசைந்து நகர்ந்தது. அவர் மறுபடி கை நீட்டினார். இந்த முறை தெரியுதா என்று கேட்கவில்லை. நான் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். கரண்டி தெரிந்தது, பிடி தெரிந்தது, நடு நட்சத்திரமும் தெரிந்தது. பக்கத்தில் ஒன்றையும் காணோம். கண்ணாடி மாற்றச் சொல்லி இரண்டு வருடமாகிறது.

"ஒண்ணுதாங்க இருக்கு. சின்னது தெரியல."

"அன்னிக்கு மண்டபத்துல பகல்லயே பார்த்தியே?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். "எனக்கு ஒண்ணுமே தெரியல அன்னிக்கு. நீ பார்த்துட்ட, நான் பார்க்கலியேன்னு ஒரு மாதிரியா இருக்கும். அதான் இப்ப ஆப் வச்சுத் தேடிக் கத்துக்கிட்டேன்."

அந்த மணலுக்குள் புதைந்துபோக மாட்டோமா என்றிருந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னிக்கும் தெரியலங்க," என்றேன்.

அவர் பாயில் நகர்ந்து என் பின்னால் வந்து, என் தலையை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வடக்கே திருப்பினார்.