தையல் மேசைக்கு மேலே

தூறல் ஓயாத மேட்டு ஊரான வக்குவாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் என் பட்டறை. எங்கள் தீவு சுதந்திரம் பெறுவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. வீடு வீடாக மின்சாரம் வந்துகொண்டிருந்ததால் என் கணவருக்கு ஒயரிங் வேலை ஓயவில்லை. போகிற இடமெல்லாம் பல்பு மொட்டையாகத் தொங்குகிறது என்று ஒருநாள் சொன்னார். அதுவரை பூந்தொட்டிகள் செய்துகொண்டிருந்த எனக்கு அந்தப் பேச்சே போதுமாக இருந்தது.

பல்பை மூட முதலில் செய்த மண் விளக்குக்கூடு சூளையிலிருந்து நன்றாகத்தான் வந்தது. ஆனால் பல்பு ஹோல்டர் அதன் கழுத்துக்குள் நுழையவில்லை. சுடும்போது மண் சுருங்கிவிட்டது. "இதுக்குள்ள தீக்குச்சிதான் போகும்" என்றார் கணவர். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்ததைப் பூசணிக்காய் போல உருண்டையாகச் செய்தேன். கழுத்தை நன்றாக அகலமாக்கி, அடிவரை சின்னச் சின்ன ஓட்டைகள் குத்தினேன். சுவிட்சைப் போட்டதும் சமையலறை முழுக்க ஒளிப்புள்ளிகள் சிதறின. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாளே அதைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு, தலைநகரை ஒட்டிய ரோஷ் புவாவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே என் ரவிக்கைகளைத் தைத்துத் தரும் க்ரியோல் தோழி ஒருத்தி இருந்தாள்.

அவளுடைய தையல் மேசைக்கு மேலே அதை மாட்டினோம். "கெத் சா! பாரேன் இதை!" என்று கைதட்டினாள். பிறகு துணியை விரித்து ஊசியை எடுத்தாள். துணியெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சமும் நிழலும்.

"அழகுதான், மா ஷேர், என் கண்ணு. ஆனா எது தையல், எது நிழல்னே தெரியலையே!"

வேறொருத்தியாக இருந்தால் சோர்ந்துபோயிருப்பாள். ஆனால் திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் படிந்த ஆவியில் விரலால் வரைந்துகொண்டே வந்தேன். வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்பதை இனி நான்தான் தீர்மானிக்க வேண்டும்.

புதியதை மணி வடிவில் செய்தேன். கீழே அகன்ற வாய், உள்ளே வழவழப்பான வெள்ளைப் பூச்சு, ஓட்டைகள் கழுத்தைச் சுற்றி மட்டும். வக்குவா தூறலில் மண் காயவே இல்லை. அடுப்பங்கரையில் வைத்து, சோறு வடிக்கும்போதெல்லாம் திருப்பித் திருப்பி வைத்தேன். சூளையில் வெந்து முடிந்ததும் கதவைத் திறக்கப் போன என் கையைக் கணவர் பிடித்துக்கொண்டார். "ஆறட்டும். இப்பத் திறந்தா வெடிச்சுடும்." அந்தக் காத்திருப்பில் நான் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

ரோஷ் புவாவில் அது எரிந்தபோது மேசைமீது வெளிச்சம் பால் போல விழுந்தது. கூரையில் மட்டும் நட்சத்திரங்கள். தோழி எங்களை மறந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள்! வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் கேட்டார்:

"மதாம், என் கடைக் கண்ணாடிக்கு மேல மாட்ட ஒண்ணு செய்வீங்களா? வெளிச்சம் தலையில விழக்கூடாது, முகத்துல விழணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் தோழி துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து மேசைமீதே வரையத் தொடங்கியிருந்தேன்.