பத்து மணித் தேநீரில் முடிவானவை

மாறிவரும் காலத்துக்கு ஏற்ப அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் எப்படி மாற வேண்டும் என்று நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தோம். நாங்கள் என்றால் எங்கள் துறைப் பேராசிரியர், அக்கா, நான். இத்தனை பெரிய விஷயத்தை ஆராய்ந்த எங்கள் சொந்த அலுவலகத்தில், காலை எட்டரைக்குள் வாசலில் இருக்கும் கருவியில் பெருவிரலை வைத்தால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. கொரோனா ஓய்ந்த பிறகு எது திரும்பி வந்ததோ இல்லையோ, அந்தக் கருவி ஜம்மென்று திரும்பி வந்து சுவரில் உட்கார்ந்துகொண்டது.

பேராசிரியர் தங்கமான மனிதர். ஆனால் ஒரு கோளாறு. எந்த மேடையில் ஏறினாலும், "வேலைங்கிறது ஓர் இடம் இல்லை, ஒரு காரியம்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவார். மறுநாள் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் போதும், அறை வாசலில் வந்து நின்று, "எங்க, ஆளக் காணோம்?" என்பார். அதில் அதிகாரம் கிடையாது. எல்லாரும் கண்ணெதிரே இருந்தால்தான் அவருக்குக் கை ஓடும், அவ்வளவுதான். இதை வைத்து நான் அவரைச் சீண்டாத நாளில்லை.

அக்கா எனக்கு உறவில்லை. எங்கள் தீவின் மறுகோடியில் இருக்கும் பாலிக் புலாவிலிருந்து தினமும் மலைப்பாதையில் கார் ஓட்டிக்கொண்டு வரும் தமிழ் முஸ்லிம் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன், பிறகு துறையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பாயான் பாருவில் நாங்கள் தொழிற்சாலைப் பெண்களிடம் பேசப் போவோம். அக்கா எடுத்தவுடன் கேள்வி கேட்க மாட்டார். பிள்ளைகளின் பரீட்சை, ரசப் பொடிக்கு எந்தக் கடை நல்ல கடை என்று பேச்சு எங்கெங்கோ போகும். நான் பொறுமையில்லாதவள், நெளிந்துகொண்டிருப்பேன். அப்புறம் பார்த்தால் அந்தப் பெண்கள், நாங்கள் கேட்க நினைக்காததையெல்லாம் தாமாகவே சொல்லிக்கொண்டிருப்பார்கள். எங்கள் அறிக்கையில் பெண்களைப் பற்றிய அத்தியாயம் அப்படி வந்ததுதான். அது அக்காவுடைய அத்தியாயம்.

துறையில் ஒரு வழக்கம் இருந்தது. பத்து மணிக்கு எல்லாரும் இறங்கி எதிரில் இருக்கும் மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். யார் எந்தத் தொழிற்சாலைக்குப் போவது, எந்தக் கட்டுரையை எங்கே அனுப்புவது, எந்த மாணவரை யார் பார்ப்பது என்று எல்லாமே நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரும் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும் வைத்த அந்த மேசையில்தான் முடிவாகும். பிற்பகல் கூட்டம் என்பது, அங்கே முடிவானதை ஆங்கிலத்தில் இன்னொரு முறை சொல்லும் சடங்கு. அந்த மேசையில் ஒன்றைச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்றுதான் இத்தனை வருஷமாக அர்த்தம்.

போன வருஷம் அக்காவின் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. தீவு முழுக்க வீடுகளுக்கு ஏர்கோன் மாட்டிக் கொடுத்தவர், ஏணி ஏறி இறங்கி வாழ்ந்த மனிதர். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. மதியம் பயிற்சி கொடுக்க யாராவது கூடவே இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை என்று அக்கா கேட்டார். கிடைக்காவிட்டால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை.

பேராசிரியர் தலையைச் சொறிந்தார். "மேலிடத்துல என்னா சொல்வாங்களோ, கஷ்டம்தான், சூசா லா," என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "ப்ரோஃப், நம்ம அறிக்கையில வீட்லேர்ந்து வேல பாக்கறதப் பத்தி நாலாவது பரிந்துரை என்ன? நீங்க எழுதுனதுதானே? ஒரு தடவை படிச்சிட்டு வாங்க, நான் இங்கயே நிக்கிறேன்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கே மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கித் தந்தார். அக்காவின் முகத்தில் அத்தனை நாளாக இல்லாத வெளிச்சம். எனக்கும் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டதுபோல இருந்தது.

விதி மாறியது, தேநீர் மேசை மாறவில்லை. ஒரு நாள் நான் பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அன்று காலை மேசையில், அறிக்கை நீளமாகிவிட்டது, பெண்கள் அத்தியாயத்தைப் பிரித்து மற்ற அத்தியாயங்களில் சேர்த்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அந்த வார இணையக் கூட்டத்தில் பொருளடக்கம் திரையில் வந்தபோதுதான் அக்காவுக்குத் தெரிந்தது, எனக்கும்.

"ஓ, அப்படியா," என்றார் அக்கா. கொஞ்ச நேரத்தில் அவருடைய கேமரா அணைந்தது.

இரவு நான் அழைத்தபோது, "முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கலாம்னு இருக்கேன் மா," என்றார். "இப்ப நான் அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அதுக்கு இங்கயாவது முழுசா இருந்துட்டுப் போறேன்." குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தேறியிருப்பேன். இல்லை.

மறுநாள் பேராசிரியரிடம் சண்டைக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டேன். மனிதர் இடிந்து போயிருந்தார். "சொன்னோமே, எல்லாரும்தானே இருந்தோம்னு நெனச்சிட்டேன்," என்றார். அதை அவர் நிஜமாகவே நம்பியிருந்தார்.

பிறகு அவர் பாணியில் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். இனிமேல் தேநீர் மேசையில் வேலைப் பேச்சே கூடாது. சரி என்று போய் உட்கார்ந்தோம். மழை வருமா என்று ஒருவர் கேட்டார். வரலாம் என்றார் இன்னொருவர். அப்புறம் எல்லாரும் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் வந்து, "என்னா, யாரும் தவறிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். பேராசிரியர் எழுந்துவிட்டார். "இது சரி வராது. வாங்க, பாலிக் புலாவுக்குப் போவோம்," என்றார்.

வழியெல்லாம், என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, வாங்க என்று சாதாரணமாகத்தான் சொன்னார். கூடத்தில் அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையில் ஒரு ரப்பர் பந்தைப் பிடித்து அழுத்தப் பழகிக்கொண்டிருந்தார். பேராசிரியருக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"நீங்க இல்லாம எப்படிப் பேசறதுன்னு எங்களுக்குத் தெரியல," என்றார். "கத்துக்கணும். கொஞ்ச நாள் ஆகும். அதுக்குள்ள போயிடாதீங்க."

அக்கா தரையைப் பார்த்தார். "உங்க மேல வருத்தம் இல்ல ப்ரோஃப். ஆனா இவர இப்படி வச்சிக்கிட்டு, அங்க ஓர் ஓரமா எதுக்கு நான்? விட்டுட்டா நிம்மதி."

அப்போது அண்ணன் பந்தைக் கீழே விட்டுவிட்டார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். அக்கா எழுந்து போகப் பார்த்தார். அண்ணன் இடது கையை நீட்டி, உட்கார் என்று சைகை செய்தார்.

"நீ... வீட்லயே... உக்காந்தா," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நாங்கள் காத்திருந்தோம். "நான்... நோயாளி." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ வேல பாத்தா... நான்... ஒம் புருஷன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இத்தனை பேரிடம் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறோம், வீட்டில் இருப்பவருக்கு அந்த வேலை என்னவாக இருக்கிறது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

அக்கா முந்தானையால் அண்ணனின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். அப்படியே தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு மடிக்கணினியை எடுத்து வந்து, பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எந்தெந்தப் பக்கத்தப் பிரிச்சீங்க, காட்டுங்க," என்றார்.

அவர் காட்டினார். அக்கா ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டு வாங்கினார். ஒன்றிரண்டை மட்டும், போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். முடித்ததும் அண்ணனின் தோளில் கை வைத்தபடி, "திங்கக்கெழம நான் வரேன்," என்றார். "மத்த நாள்ல என்னக் கேக்காம ஒரு வரிய வெட்டினாலும், நீங்க என் புருஷனுக்குத்தான் பதில் சொல்லணும்."